எண்ணெய்த் துவர்த்தை டிரையரில் போடாதே

விதுரா,
ஆடி 9

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று போனில் நீ சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மழை அடைத்துப் பெய்தால் இங்கே டவர் நிற்காது. பொன்முடிப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தாலே பேச்சு அறுந்துபோகும். ஆனாலும் கேட்ட வரைக்கும் போதும், உடனே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். உன் துணி டிரையரின் ஹீட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். நீ அவருக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. உன் மெஷினுக்கு வந்திருப்பது சின்னக் கேடுதான், அதை நீயே சரிசெய்துவிடலாம். பேச்சோடு பேச்சாக, அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்ய விரிக்கிற துணிகளையும் அதிலேயே காயவைப்பதாகச் சொன்னாய் பார், அதுதான் எனக்கு இரவு முழுக்கத் தூக்கத்தைக் கெடுத்தது. அதைப் பின்னால் விவரமாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிடத்திலிருந்து அந்தத் துணிகளை மட்டும் அதில் போடாதே.

முதலில் மெஷின். "துணி சூடாகத்தான் வருகிறது அக்கா, ஆனால் ஈரம் போகவில்லை" என்றாய். துணி சூடாக வருகிறது என்றால் ஹீட்டர் வேலை செய்கிறது. ஹீட்டர் செத்திருந்தால் டிரம் பாட்டுக்குச் சுற்றும், துணி குளிர்ந்தே வெளியே வரும். சூடும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது என்றால் அந்த ஈரத்துக்குப் போக வழியில்லை என்று அர்த்தம். வீட்டு டிரையர்களுக்கு வருகிற கேடுகளில் முக்கால்வாசி இதுதான், கேட்டியா. காற்று ஓட வேண்டிய இடத்தில் ஓடவில்லை. அதைப் பார்க்காமல் ஹீட்டரை மாற்றினால் பணமும் போகும், துணியும் காயாது.

எங்கள் வீட்டுக்குக் கீழே ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரை இருக்கிறதே, நீ வந்தபோது பார்த்திருக்கிறாய். பாலை உறையவைத்து ரோலரில் அழுத்திய ஷீட்டைக் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டுவார்கள். உள்ளே சூடு 40 டிகிரியில் தொடங்கி 60 வரைக்கும் போகும். முதல் நாள் அந்த வீட்டுச் சேட்டன் மறக்காமல் செய்கிற காரியம், மேலே இருக்கிற வென்டிலேட்டரைத் திறந்துவைப்பது. ஷீட்டிலிருந்து கிளம்புகிற நீராவி அன்றைக்கே வெளியே போயாக வேண்டும். அது போகாவிட்டால் எத்தனை கட்டு விறகு எரித்தாலும் ஷீட்டுக்குள் வெள்ளை வெள்ளையாக ஈரம் நின்றுவிடும், பூஞ்சையும் ஏறும். உன் டிரையரும் ஒரு புகைப்புரைதான். விறகு குறையவில்லை, வென்டிலேட்டர்தான் அடைத்திருக்கிறது.

சூடு எதற்கு, காற்று எதற்கு என்று தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் உனக்கே பிடிபட்டுவிடும். நம் பக்கத்து ஆடி மழையில் காற்றின் ஈரப்பதம் 95 சதவீதம் வரைக்கும் ஏறிவிடும். அந்தக் காற்றில் கொடித்துணி மூன்று நாள் கிடந்தாலும் நாற்றம்தான் வரும். அதே காற்றை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், உள்ளே இருக்கிற தண்ணீர் அப்படியே இருந்தாலும், ஈரப்பதம் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்றுக்குத் தண்ணீரைத் தாங்குகிற சக்தி அவ்வளவு கூடிவிடுகிறது. ஆகவே வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் டிரையருக்குக் கவலையில்லை. ஈரத்தை வாங்கிக்கொண்ட அந்தக் காற்று உடனே இடத்தைக் காலிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் வடக்கு டகோட்டா என்ற பனிக்காட்டு மாகாணத்தில் ராஸ் மூர் என்கிறவர்தான், உறைகிற குளிரில் வெளியே துணி காயப்போடுகிற கஷ்டத்தைப் பார்த்து, சூடாகச் சுற்றுகிற டிரம் ஒன்றைச் செய்துபார்த்தார். 1938இல் ஹாமில்டன் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அதன் வேலை மாறவேயில்லை. சூடாக்கு, சுற்று, ஈரக்காற்றை வெளியேற்று.

என்னிடம் இருப்பது குழாய் வைத்த டிரையர். ஈரக்காற்றைச் சுவர் வழியாக வெளியே தள்ளிவிடும். நீ வாங்கியிருப்பது கன்டென்சர் வகை. அதில் குழாய் கிடையாது. ஈரக்காற்றை மெஷினுக்குள்ளேயே குளிரவைத்து, தண்ணீராக்கி, மேலே இருக்கிற டப்பாவில் சேர்க்கும். குளிரவைப்பதற்கு அது எடுத்துக்கொள்வது அறையின் காற்றை. அந்த அறை எப்படிப்பட்டது? மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாமல், கதவை வேறு சாத்திவைத்திருக்கிறாய். அரை மணி நேரம் ஓடினால் அந்தப் பொந்துக்குள் சூடு 35 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்றை வைத்துச் சூடான காற்றை எப்படிக் குளிரவைப்பது? ஆவி தண்ணீராகாமல் டிரம்முக்குள்ளேயே சுற்றும், மிச்சம் அறைக்குள் கசிந்து சுவரில் வேர்க்கும். சுவர் சொதசொதவென்று இருக்கிறது, மூலையில் கறுப்புப் படர்கிறது என்றும் நீதானே சொன்னாய். எல்லாம் ஒரே காரணத்தால் வந்தது. ஓடுகிற நேரம் முழுக்கக் கதவைத் திறந்து வை. முடிந்தால் வொர்க் ஏரியாவுக்கு மாற்றிவிடு. அங்கே சாரல் அடிக்காத மூலை ஒன்று இருக்கிறது. சுவரை ஒட்டி நெருக்காமல் பின்னால் ஒரு கை நுழைகிற இடம் விடு.

அடுத்து, கன்டென்சரைக் கழுவு. இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டெலிவரி கொண்டுவருகிற பையன்கள் கதவில் இருக்கிற பில்டரை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடு. மெஷின் ஆறட்டும். முன்பக்கம் கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் இரண்டு தாழ்ப்பாள் தெரியும். திருப்பினால் நீளமான ஒரு பெட்டி வெளியே வரும், உள்ளே தகடு தகடாக அடுக்கியிருக்கும். அதுதான் கன்டென்சர். அதில் சாம்பல் நிறத்தில் பஞ்சு அப்பியிருக்கும் பார். குழாயடியில் நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தண்ணீர் ஓடுகிற மாதிரி நன்றாகக் கழுவு. கத்தி, ஈர்க்குச்சி எதையும் உள்ளே விடாதே, தகடு நசுங்கினால் பிறகு நிமிராது. வடியவிட்டு மாட்டு. மாட்டும்போது சுற்றியிருக்கிற ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப்பார். ரப்பர் பிதுங்கியிருந்தால் ஆவி அந்த வழியாகத் தப்பிவிடும். மழைக்காலத்தில் தினமும் ஓட்டுகிற உன் வீட்டுக்கு மாதம் ஒருமுறை இந்தக் கழுவல் தேவை. இந்த ஒன்றிலேயே உன் மெஷின் பிழைத்துக்கொள்ளும் என்று நான் நம்புகிறேன்.

கதவுப் பக்கத்து பில்டரைப் பஞ்சு எடுத்துச் சுத்தம்செய்வதாகச் சொன்னாய், நல்லது, ஒவ்வொரு முறையும் செய். ஆனால் பஞ்சை எடுத்தால் மட்டும் போதாது. துணி மணக்க ஊற்றுகிற கம்ஃபர்ட் மாதிரியான திரவம் அந்த வலையில் கண்ணுக்குத் தெரியாத மெழுகாகப் படிந்துவிடும். பில்டரைக் கிடைமட்டமாகப் பிடித்து அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்று. தண்ணீர் ஒழுகி இறங்கினால் வலை நன்றாக இருக்கிறது. மேலேயே முத்து முத்தாக நின்றால் அடைத்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பஞ்சு அதில் களியாக ஒட்டும்.

நாற்பது நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது, முடிந்துவிட்டது என்று காட்டுகிறது, துணி மட்டும் ஈரமாக இருக்கிறது என்றாயே, அதற்கும் இதே மெழுகு காரணமாக இருக்கலாம். டிரம்முக்குள், கதவுக்கு நேர் உள்ளே, இரண்டு உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். ஈரத்துணி அதில் உரசும்போது மின்சாரம் லேசாகக் கடக்கும். அதை வைத்துத்தான் துணி இன்னும் ஈரமா காய்ந்ததா என்று மெஷின் கணக்குப் போடுகிறது. பட்டை மேல் மெழுகு படிந்தால் ஈரத்துணி உரசினாலும் அதற்குத் தெரியாது, காய்ந்துவிட்டது என்று நிறுத்திவிடும். பஞ்சில் வினிகர் நனைத்துத் துடைத்துவிடு. இன்னொன்று, மாப்பிள்ளையின் ஜீன்ஸையும் பிள்ளைகளின் மெல்லிய உடுப்பையும் ஒன்றாகப் போடாதே. மெல்லிசெல்லாம் காய்ந்து உரசிக்கொண்டிருக்கும்போது ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் பையும் பச்சையாகவே இருக்கும். இரண்டே துணியைப் போட்டு ஓட்டினாலும் இதே தொல்லைதான். பட்டையில் உரச ஆள் இருக்காது.

தண்ணீர் டப்பாவை ஒவ்வொரு முறையும் கொட்டு. அதைக் கவனிக்காத வீடுகளில்தான் துணி பாதி காய்ந்திருக்கும்போதே மெஷின் நின்று விளக்கு மினுக்கும். டப்பா காலியாக இருந்தும் நிரம்பிவிட்டது என்று காட்டினால், கீழே இருக்கிற சின்னப் பம்ப்பின் மிதவையில் பஞ்சு சிக்கியிருக்கும். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடலாம், தப்பில்லை.

எங்கள் பக்கத்துத் தொல்லை வேறு. இங்கே சுவருக்கு வெளியே நீட்டியிருக்கிற குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டிவிட்டது. மெஷினுக்குள் ஒரு குறையும் இல்லை, துணி மட்டும் மணிக்கணக்கில் ஓடியும் காயவில்லை. அத்தான் ஏணி வைத்து ஏறிக் கூட்டை உடைத்தார், அன்றே சரியாகிவிட்டது. வலை வைத்து மூடலாமே என்று பார்த்தோம். சின்னக் கண் வலையில் பஞ்சு பிடித்து அதுவே அடைப்பாகிவிடும். காற்று வரும்போது மட்டும் திறக்கிற மூடிதான் நல்லது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு எறும்பும் பல்லியும் இன்னொரு கஷ்டம். சூடு தேடி மெஷினுக்குப் பின்னால் ஏறி, சர்க்யூட் போர்டில் போய்ச் செத்துக் கிடக்கும். அதோடு போர்டும் போகும். உன் வீட்டில் எறும்புச் சாரை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

இனி ஒருநாள் உண்மையிலேயே சூடு வராமல் போகலாம். டிரம் சுற்றும், துணி குளிர்ந்தே இருக்கும். அப்போதும் முதல் சந்தேகம் ஹீட்டர் மேல் விழ வேண்டாம். காற்று அடைத்துச் சூடு எல்லை மீறினால் தீப்பிடிக்காமல் காக்க ஒரு கட்அவுட் வைத்திருக்கிறார்கள். அது தன்னைத் தானே வெட்டிக்கொண்டு ஹீட்டரை அணைத்துவிடும். சில மெஷின்களில் பின்புறம் ஒரு பட்டனை அழுத்தினால் மீண்டும் பிடிக்கும், சிலவற்றில் புதிதாகப் போட வேண்டும். எதுவானாலும் அது ஏன் வெட்டியது என்று அடைப்பைத் தேடிச் சரிசெய்த பிறகுதான் ஓட்ட வேண்டும். இந்த இடத்தில் ரொம்பக் கவனமாக இரு. பார்ட் கிடைக்கவில்லை, இப்போதைக்கு டைரக்ட் பண்ணித் தருகிறேன் என்று ஒயரை நேரே முறுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டாரிலும் மிக்ஸியிலும் அப்படிச் செய்து பழகிய கை. டிரையரில் கட்அவுட்டை டைரக்ட் செய்தால், பஞ்சும் நெருப்பும் இருக்கிற பெட்டியில் காவலை எடுத்துவிட்ட கணக்கு. எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும், எவ்வளவு அவசரமானாலும், ஒத்துக்கொள்ளாதே. பார்ட் வருகிற வரைக்கும் மெஷின் சும்மா கிடக்கட்டும்.

சத்தத்தைப் பற்றியும் கேட்டாய். டொக் டொக்கென்று தட்டினால் ரூபாய்க் காசோ ஊக்கோ டிரம்மில் கிடக்கிறது. கீச்சென்று இழுத்தால் டிரம்மைத் தாங்குகிற உருளை தேய்ந்திருக்கும். மோட்டார் முனகுகிறது, டிரம் அசையவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்கும், அல்லது மோட்டாரின் கப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது வோல்டேஜ் அடியில் கிடக்கும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் ஓடுகிற நேரத்தை விட்டுவிட்டு ஓட்டிப்பார்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று, அதைத் தட்டாதே. எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டியிருக்கிறாய் என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. இரண்டு கிலோவாட்டுக்கு மேல் ஒரு மணி நேரம் விடாமல் இழுக்கிற சாமான் அது. ஃபேனுக்கும் போன் சார்ஜருக்கும் செய்த ஒயரில் அவ்வளவும் ஓடினால் போர்டு உருகும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், தனி லைன், நல்ல எர்த், அதற்கு மேல் கரண்ட் கசிந்தால் வெட்டிவிடுகிற ஈஎல்சிபி. இவ்வளவும் இருந்தால்தான் ஓட்டு. ஓடும்போது பிளக்கைத் தொட்டுப்பார், லேசான சூடு சரி, கை பொறுக்காத சூடென்றால் நிறுத்திவிடு. மெஷினைப் போட்டதும் ஈஎல்சிபி விழுகிறது என்றால் அதை மறுபடி மறுபடி தூக்கிவிடாதே. ஹீட்டர் சுருள் பாடியில் தொடுகிறது என்று அது உனக்குச் சொல்கிறது. அப்போது ஹீட்டரை மாற்றலாம், அது நியாயம்.

இவ்வளவு பயப்பட வேண்டுமா என்று உனக்குத் தோன்றும். 2016 ஆகஸ்ட் 19 அன்று லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடி வீட்டில் டிரையரில் தீப்பிடித்து, மேல்மாடிகளுக்கு ஏறி, நூற்றுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள். ஹாட்பாயிண்ட், இன்டெசிட் முதலான பெயர்களில் விற்ற மெஷின்களில் பஞ்சு ஹீட்டரைத் தொட்டுத் தீப்பிடிக்கிற வாய்ப்பு இருக்கிறது என்று வேர்ல்பூல் கம்பெனி 2015 நவம்பரிலேயே அறிவித்திருந்தது. 2004க்கும் 2015க்கும் இடையில் செய்த லட்சக்கணக்கான மெஷின்கள் அவை. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் அப்போது சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டிலும் ஆள் இருந்தது. 2017இல்தான் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று மாற்றிச் சொன்னார்கள், 2019இல்தான் திரும்ப வாங்கிக்கொள்ளவே தொடங்கினார்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில், அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீடுகளில் டிரையரால் தீப்பிடித்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டதுதான். அதனால் இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டுத் தூங்காதே. கடைக்குப் போகும்போது ஓட்டாதே. எழுந்து நடக்க முடியாத அம்மா அந்த வீட்டில் படுத்திருக்கிறாள்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

அம்மாவுக்கு வைத்தியர் என்ன தைலம் போடுகிறார் என்று பாட்டிலைப் பார்த்து எனக்குச் சொல். தன்வந்தரம், க்ஷீரபலா, பிண்ட தைலம் எல்லாம் நல்லெண்ணெயில் காய்ச்சுவது. முறிவெண்ணெய் தேங்காயெண்ணெயில் காய்ச்சுவது. பக்கவாதத்துக்கு உழிச்சில் என்றால் பெரும்பாலும் நல்லெண்ணெய்த் தைலமாகத்தான் இருக்கும். அந்த எண்ணெய் ஊறிய துவர்த்து, விரிப்பு, பழைய வேட்டித் துண்டு இவைதான் எனக்குப் பயம். துவைத்துவிட்டுத்தானே போடுகிறேன் என்பாய். துவைத்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. பருத்தி நூலுக்குள் ஏறிய தைலத்தில் கொஞ்சம் எப்போதும் தங்கிவிடும். கையில் பிசுபிசுப்பு தெரியாது, முகர்ந்தால்தான் தெரியும்.

நல்லெண்ணெய் காற்றிலிருக்கிற ஆக்சிஜனோடு மெல்லச் சேரும், சேரும்போது சூடு கிளம்பும். பாட்டிலில் இருக்கும்போது மேற்பரப்பு கொஞ்சம்தான், ஒன்றும் ஆகாது. துணியில் பரவினால் ஒவ்வொரு இழையிலும் எண்ணெய், ஒவ்வொரு இழையைச் சுற்றியும் காற்று. டிரையர் அதை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கித் தொடங்கிவைத்துவிடும். வெளியே எடுத்து, மடித்து, கட்டிலில் குவித்துவைத்தால் நடுவில் கிளம்புகிற சூட்டுக்குப் போக வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்சிஜனை இழுக்கும், அது இன்னும் சூட்டைக் கிளப்பும். சில மணி நேரம் கழித்து, பக்கத்தில் ஒரு தீக்குச்சி இல்லாமல், அந்தக் குவியல் தானே கருகிப் பற்றிக்கொள்ளலாம். வெளிநாடுகளில் மசாஜ் நிலையங்களிலும் ஓட்டல் சமையலறைகளிலும் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. துவைத்து, உலர்த்தி, அடுக்கிவைத்த துண்டுகள் ஆளில்லாத நடுராத்திரியில் எரிந்திருக்கின்றன.

எந்த எண்ணெய் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்பதை ஊகிக்க அயோடின் எண் என்று ஒரு அளவு இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். மரத்தச்சர்கள் அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப்போடக் கூடாது என்று சொல்வது அதனால்தான். நல்லெண்ணெய்க்கு 105லிருந்து 120 வரை. தேங்காயெண்ணெய்க்குப் பத்தைச் சுற்றித்தான். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் தேங்காயெண்ணெய்த் துவர்த்தைச் சுருட்டி மூலையில் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம், சூடேற்றுகிற மெஷின் இல்லாதது இன்னொரு காரணம். இப்போது மெஷின் வந்துவிட்டது. தேங்காயெண்ணெய்த் துணி தானே பற்றுகிற ஆபத்து குறைவுதான், ஆனால் ஹீட்டர் பக்கத்தில் அதுவும் எரிகிற பொருள், அதையும் போட வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பாய். மழையில் அம்மாவின் துணியைக் காயவைக்கத்தானே கடன்பட்டு இதை வாங்கினாய், எனக்குத் தெரியும். எண்ணெய்த் துணியையும் மற்ற துணியையும் பிரித்துவிடு. உழிச்சிலுக்கு விரிக்கப் பழைய வேட்டிகளைக் கிழித்து ஒரு கட்டு தனியாக வை. வேறெதற்கும் அதை எடுக்க வேண்டாம். உழிச்சில் முடிந்ததும் அந்தத் துணியைச் சுருட்டிப் போடாமல் வாளித் தண்ணீரில் அமுக்கிவிடு. கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் சலவைச் சோடாவும் சோப்புத்தூளும் போட்டு ஊறவைத்துத் துவை. விறகடுப்பில் பானை வைத்து அவித்தால் இன்னும் நல்லது. பிறகு அடுப்படிச் சாய்ப்பில் கயிறு கட்டி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் விரித்துப் போடு. இரண்டு நாள் ஆகட்டும், அவை எண்ணெய்க்கே திரும்பப் போகிற துணிகள், முழுக்கக் காய வேண்டும் என்று கட்டாயமில்லை. மஞ்சளாகி விறைத்து, சிக்குவாடை அடிக்கிற துணியை வைத்துக்கொண்டிருக்காதே. குப்பைக்குப் போடும்போதும் நனைத்துத்தான் போட வேண்டும்.

இரவில் நனைகிற படுக்கை விரிப்பு, அம்மாவின் நைட்டி, பிள்ளைகளின் யூனிபார்ம், இதற்குத்தான் டிரையர். அதற்கு அது பெரிய உபகாரம், நான் வாங்க வேண்டாம் என்று சொல்லவேயில்லை. அவற்றிலும் உழிச்சில் அன்று அம்மா உடுத்தியிருந்ததைச் சேர்க்காதே. பயறுமாவு தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகு மாற்றுகிற நைட்டி பரவாயில்லை. அம்மாவுக்குக் கீழே விரிக்கிற ரப்பர் ஷீட்டையும், ரப்பர் பஞ்சுத் தலையணையையும் அதில் போடக் கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல், பெயிண்ட் பட்ட துணியும் கூடாது. எந்தத் துணியானாலும் கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் சுற்றி ஆறவைக்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அவசரப்பட்டு அதற்கு முன்னால் நிறுத்தாதே. நிறுத்தத்தான் வேண்டியிருந்தால் துணியை உடனே எடுத்து உதறிப் பரப்பிவிடு, சூடாகக் குவித்துவைக்காதே.

ஒருவேளை, அப்படி வேண்டாம், ஆனால் ஒருவேளை கருகல் வாடை வந்தால், மெஷின் கதவைத் திறக்காதே. திறந்தால் காற்று போய் நெருப்பு எழும்பும். மெயினை அணை, அறைக் கதவைச் சாத்து, அம்மாவையும் பிள்ளைகளையும் வெளியே கொண்டுவா, 101க்குப் போன் பண்ணு. இதை அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற அக்காவிடமும் சொல்லிவை. நீ பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் அவர்கள்தான் வீட்டில் இருக்கிறார்கள்.

கரண்ட் பில் ஏறுகிறது என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டாராமே. வாஷிங் மெஷினில் கடைசியாகப் பிழிகிற வேகத்தைக் கூட்டிவிடு. 7 கிலோ துணி 800 சுற்றில் பிழிந்தால் ஏறக்குறைய ஐந்து லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், 1,400 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். ஆகவே பிழியும்போது போகிற ஒவ்வொரு லிட்டரும் உனக்கு லாபம். உன் மெஷினில் அதிகபட்சம் எவ்வளவு என்று பார்த்து, விரிப்புக்கும் துவர்த்துக்கும் அதையே வை. இங்கே கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மொத்த யூனிட்டுக்கும் கூடின விலை போட்டுவிடுவார்கள். அதனால் நான் வெயில் தலைகாட்டுகிற நாளில் டிரையரைத் தொடுவதேயில்லை. பட்டும், கசவு நேரியதும், எலாஸ்டிக் வைத்த உடுப்பும் எந்த மழையிலும் கொடியில்தான்.

மெக்கானிக்கிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருந்தால் என் மேல் போடு, அக்கா வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள் என்று சொல். கன்டென்சரைக் கழுவி, கதவைத் திறந்துவைத்து, விரிப்புகளை மட்டும் போட்டு ஒருமுறை ஓட்டிப்பார். டப்பாவில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்று எனக்கு எழுது. மூன்று லிட்டருக்குப் பக்கத்தில் வந்தால் உன் மெஷினுக்கு நோயில்லை. அரை டப்பாகூட வராவிட்டால், சனிக்கிழமை மழை விட்டால் நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் போய் மார்த்தாண்டம் பஸ் பிடித்து வருகிறேன், அத்தானும் லீவு கேட்டிருக்கிறார். வரும்போது சலவைச் சோடாவும், பெட்டியில் சும்மா கிடக்கிற பழைய வேட்டிகளும் கொண்டுவருகிறேன். தைலம் எதுவென்று மட்டும் நாளைக்கே போனில் சொல்லிவிடு. அம்மாவுக்கு இடது கை விரல் அசைகிறது என்றாயே, எந்த விரல் என்று கேட்பதற்குள் போன் அறுந்துவிட்டது. அதையும் சொல்.

அன்புடன்,
அக்கா